சுவரிலிருந்து பின்னோக்கி

கலிஃபோர்னியாவின் சியெரா நெவாடா மலைத்தொடருக்குள் யோசெமிட்டி என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் கிழக்குக் கோடியில் நிற்பது ஹாஃப் டோம் என்ற கிரானைட் குன்று. ஒரு பக்கம் உருண்டை. மறுபக்கம் வெட்டி எறிந்ததுபோல் செங்குத்தான முகம். 1860களில் கார்லடன் வாட்கின்ஸ் அந்தப் பள்ளத்தாக்கில் எடுத்த படங்களில் வானம் வெளிறிய வெறும் காகிதமாக இருக்கிறது. 1927இல் ஆன்சல் ஆடம்ஸ் ஹாஃப் டோமை எடுத்த படத்தில் வானம் ஏறத்தாழக் கறுப்பு. இருவரும் கண்ணால் கண்டதோ நீல வானம்.

முதல் வானத்தை வெளிறச் செய்தது வேதியியல். இரண்டாவதைக் கறுக்கச் செய்தது, அந்த வேதியியலையும் ஒளியின் இயல்பையும் தெரிந்துகொண்டு ஒருவர் எடுத்த முடிவு. நிலக்காட்சிப் படமெடுப்பவர்கள் தோளில் சுமக்கும் கருவிகள் ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டால், இந்த இரண்டு வானங்களுக்கும் நடுவே பதில் கிடைக்கிறது. படம் முடிவது கேமராவில் அல்ல, காகிதத்தில். அந்தக் காகிதத்தை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி வந்தால் எந்த லென்ஸ், எந்தத் துளை, எத்தனை பிக்சல் என்ற கேள்விகளுக்கெல்லாம் தானாக விடை வரும். கடையிலிருந்து முன்னோக்கி எண்ணினால் விடை வருவதே இல்லை.

வாட்கின்ஸின் காலத்தில் படம் பதிந்தது கண்ணாடித் தகட்டில். கொலோடியான் என்ற பிசுபிசுப்பான திரவத்தைத் தகட்டில் ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கியெடுத்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவியும் முடிக்க வேண்டும். ஆகவே இருட்டறைக் கூடாரமும் ரசாயனப் புட்டிகளும் கோவேறு கழுதைகளின் முதுகில் மலையேறின. 1861இல் அவர் யோசெமிட்டிக்குக் கொண்டுபோன பெரிய தகடுகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 18க்கு 22 அங்குலம். இத்தனை பெரிய கண்ணாடியை ஏன் சுமக்க வேண்டும்? நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடுவது அன்றைக்கு நடைமுறையில் இல்லை. முட்டை வெண்கரு பூசிய காகிதத்தின்மேல் நெகட்டிவைப் படியவைத்து வெயிலில் காட்டுவார்கள். நெகட்டிவ் எந்த அளவோ, பிரிண்ட் அந்த அளவு. சுவரை நிறைக்கும் படம் வேண்டுமென்று வாட்கின்ஸ் தீர்மானித்த கணத்திலேயே அவருடைய கேமராவின் அளவும், சுமையும், கழுதைகளும் தீர்மானமாகிவிட்டன. அந்தப் பெரிய பிரிண்டுகள் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போயின. நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1864இல் அதிபர் லிங்கன் யோசெமிட்டியைப் பாதுகாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டதில் அவற்றுக்கும் பங்குண்டு என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். உள்ளங்கை அளவுப் படங்களால் அந்தத் தாக்கத்தை உண்டாக்கியிருக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

ஆனால் அவருடைய வானம் வெறுமையாகவே இருந்தது. வெள்ளியின் உப்புகள் இயல்பில் நீலத்தையும் ஊதாவையும் புறஊதாவையும் மட்டுமே உணர்பவை. பச்சை அவற்றுக்கு மங்கல். சிவப்பு ஏறக்குறைய இருட்டு. மரங்களும் பாறையும் பதியும் வரை லென்ஸைத் திறந்து வைத்தால், நீல வானம் தகட்டில் அளவுக்கு மீறிக் கொட்டிவிடும். மேகமும் அந்த வெள்ளத்தில் காணாமல் போகும். இது உலகெங்கும் இருந்த தொல்லை. 1850களில் மதராஸ் அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக மதுரையையும் தஞ்சாவூரையும் திருச்சிராப்பள்ளியையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ்களின்மேல் தூரிகையால் மேகம் தீட்டும் பழக்கம் உடையவர். (தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே பிரிண்டாக ஒட்டியவரும் அவர்தான். சுவரை முதலில் நினைத்தவர்களின் வரிசையில் அவருக்குக் கட்டாயம் இடமுண்டு.)

1873இல் பெர்லினில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் ஒன்றைக் கண்டுபிடித்தார். வெள்ளி உப்போடு சில சாயங்களைச் சேர்த்தால், அந்தச் சாயம் உறிஞ்சும் நிறத்துக்கும் தகடு உணர்வு பெறுகிறது. சாய மூலக்கூறு பச்சை ஒளியை வாங்கி, அதன் ஆற்றலை வெள்ளி உப்பிடம் ஒப்படைக்கிறது. இந்த வழியில் நடந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லா நிறத்தையும் உணரும் தகடுகள் விற்பனைக்கு வந்தன. ஃபில்டர் என்ற சிறு வண்ணக் கண்ணாடிக்கு அதன் பிறகுதான் முழு வேலை கிடைத்தது. நீலத்தை மட்டும் காணும் தகட்டின் முன்னால் சிவப்புக் கண்ணாடியைப் பிடித்தால் ஒன்றுமே பதியாது. எல்லா நிறத்தையும் காணும் தகட்டின் முன்னால் பிடித்தால், எதை வெளிச்சமாக்குவது, எதை இருட்டாக்குவது என்ற தேர்வு படமெடுப்பவரின் கைக்கு வந்துவிடுகிறது.

1927 ஏப்ரல் 10 அன்று ஆடம்ஸ் நண்பர்களுடன் பனியில் ஏறி ஹாஃப் டோமின் முகத்துக்கு எதிரே ஒரு பாறை விளிம்பை அடைந்தார். வயது 25. கண்ணாடித் தகடுகள் இரண்டுதான் மிச்சம். ஒன்றை மஞ்சள் ஃபில்டரோடு எடுத்தார். எடுத்து முடித்ததும், அந்தப் பாறையின் முன் தன் மனத்தில் எழுந்த அச்சம் கலந்த கம்பீரம் அந்தத் தகட்டில் இராது என்று உணர்ந்தார். வானம் சாதாரணச் சாம்பலாக வரும். பாறை அதனோடு கரைந்துபோகும். கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டரைப் பொருத்தி, 5 விநாடி திறந்துவைத்தார். வானம் கறுத்தது. பாறை தனித்து எழுந்தது.

இதன் பின்னாலுள்ள இயற்பியல் எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது. காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு, அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேல் சிதறுகிறது. வானம் என்று நாம் பார்ப்பது இந்தச் சிதறிய நீலத்தைத்தான். சிவப்புக் கண்ணாடி அதைத் தடுத்துவிட, மிஞ்சுவது கொஞ்சமே. மலைக் காற்று சுத்தமாக, வறண்டு இருந்தால் இன்னும் குறைவு. பலர் கவனிக்காத பகுதி இதற்குப் பின்னால்தான் வருகிறது. வெயில் படாத நிழலுக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? அதே நீல வானத்திலிருந்து. ஆகவே சிவப்பு ஃபில்டர் வானத்தோடு நிழல்களையும் சேர்த்துக் கறுக்கச் செய்கிறது. வெயிலில் நிற்கும் பாறை விளிம்புக்கும் அதன் நிழலுக்கும் உள்ள இடைவெளி பெருகி, கல்லின் ஒவ்வொரு வரியும் உளி பட்டதுபோல் தெரிகிறது. அந்தப் படத்தின் கம்பீரத்தில் பாதி வானத்திலிருந்து வந்ததென்றால், மறுபாதி இந்த நிழல்களிலிருந்து வந்தது.

இன்று சிவப்பு ஃபில்டரைத் தூக்கிக்கொண்டு மலையேறத் தேவையில்லை. டிஜிட்டல் சென்சார் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகப் பதிகிறது. வீட்டுக்கு வந்து கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது நீலத்தின் பங்கைக் குறைத்தால் வானம் கறுக்கிறது. ஆனால் தளவிளைவு ஃபில்டர், அதாவது போலரைசர், இன்னமும் பையில் இருக்க வேண்டிய பொருள். நீர்ப்பரப்பிலும் ஈர இலையிலும் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்கிறது. நீருக்கு ஏறத்தாழ 53 டிகிரிச் சாய்வில் அது முழுமையடைகிறது. சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானத்தின் ஒளியும் அப்படித்தான். ஃபில்டரைச் சுழற்றினால் பளபளப்பு மறைந்து ஓடையின் அடியிலுள்ள கற்கள் தெரிகின்றன. எந்தத் தளத்தில் அதிர்ந்த ஒளி என்ற செய்தி சென்சாரில் பதிவதில்லை. பதியாததை எந்த மென்பொருளாலும் பிறகு பிரித்தெடுக்க முடியாது. புதிதாகத் தொடங்குபவர் ஒரே ஒரு ஃபில்டர் வாங்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இனி சுவருக்கு வருவோம். நல்ல பார்வையுள்ள கண், ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும். 25 சென்டிமீட்டர் தூரத்தில் கையில் வைத்துப் பார்க்கும் படத்தில் அது 0.07 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு ஏறத்தாழ 350 புள்ளிகள் இருந்தால் கண் அதற்குமேல் கேட்பதில்லை. அச்சகங்கள் 300 என்று சொல்வது இதை ஒட்டியே. ஆனால் சுவரில் மாட்டிய படத்தை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம். தூரம் நான்கு மடங்கு. தேவை நான்கில் ஒரு பங்கு. அங்குலத்துக்கு 90 புள்ளிகள் போதும். 24 மெகாபிக்சல் கேமராவின் கோப்பில் 6000க்கு 4000 புள்ளிகள். கையில் பிடித்துப் பார்க்க 20 அங்குல அகலம் வரை குறை சொல்ல முடியாது. சுவரில் தள்ளி நின்று பார்க்க 5 அடி அகலம்கூடத் தாங்கும். நிலக்காட்சிப் பிரிண்டை மட்டும் மூக்கு உரசுமளவு நெருங்கிப் பார்க்கும் ஆசை மனிதர்களுக்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தூரத்து மரத்தின் கிளையைத் தேடிப் போகும் அந்த ஆசைக்காகக் கொஞ்சம் கூடுதல் பிக்சல் வைத்திருப்பதில் தவறில்லை. ஆனால் 12 அங்குலப் பிரிண்டுக்குமேல் போகாத ஒருவர் 60 மெகாபிக்சல் கேமராவுக்கு ஏங்குவதற்குக் கண்ணின் கணக்கில் இடமில்லை.

லென்ஸ் துளையின் கணக்கு இதைவிடச் சுவையானது. 1932இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலானோர் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். பனிமூட்டம் போட்டதுபோல் மங்கலாக எடுப்பதே கலை என்று நம்பிய காலம் அது. துல்லியமான கூர்மைதான் புகைப்படத்தின் சொந்தக் குணம் என்பது இவர்கள் நிலை. குழுவுக்கு வைத்த பெயர் ‘எஃப் 64’. லென்ஸின் துளையை மிகச் சிறிதாக்கி, காலடிப் புல் முதல் தொலைதூர மலை வரை எல்லாவற்றையும் கூர்மையாக்கும் அளவு அது.

பெயரைக் கேட்டுவிட்டுத் தன் கையிலுள்ள சிறு கேமராவிலும் துளையை இயன்ற மட்டும் சிறிதாக்குபவருக்குப் படம் மங்கலாகத்தான் வரும். காரணம் விளிம்பு விளைவு. ஒளி அலை, சிறு துளை வழியே நுழையும்போது பரவுகிறது. நட்சத்திரம்போன்ற ஒரு புள்ளிகூடப் படத்தில் சிறு வட்டமாகத்தான் விழும். அந்த வட்டத்தின் விட்டம், அலைநீளத்தையும் எஃப் எண்ணையும் 2.44ஆல் பெருக்கினால் கிடைக்கும். பச்சை ஒளிக்கு எஃப் 8இல் 11 மைக்ரான், எஃப் 16இல் 21 மைக்ரான், எஃப் 64இல் 86 மைக்ரான். குழுவினர் பயன்படுத்திய 8க்கு 10 அங்குல நெகட்டிவை அப்படியே காகிதத்தில் படியவைத்து அச்சிட்டால் 86 மைக்ரான் வட்டம் கண்ணின் எல்லைக்கு அருகிலேயே நின்றுவிடும். யாரும் குறையாகக் காணமாட்டார்கள். அதே எஃப் 64ஐ 36 மில்லிமீட்டர் அகலச் சென்சாரில் வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கி அச்சிட்டால் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பூசலாகிவிடும்.

அப்படியானால் அவர்கள் கண்ட கூர்மை நமக்குக் கிடைக்காதா? தாராளமாகக் கிடைக்கும். 8க்கு 10 கேமராவில் இயல்பான பார்வை தரும் லென்ஸின் குவியத்தூரம் ஏறத்தாழ 300 மில்லிமீட்டர். அதை 64ஆல் வகுத்தால் துளையின் உண்மையான விட்டம் ஏறத்தாழ 4.7 மில்லிமீட்டர். அதே பார்வையைச் சிறு கேமராவில் தரும் லென்ஸ் 42 மில்லிமீட்டர், அதில் 4.7 மில்லிமீட்டர்த் துளை என்றால் அது எஃப் 9. எவ்வளவு ஆழம் வரை கூர்மை வரும் என்பதையும், விளிம்பு விளைவு படத்தை எவ்வளவு மங்கச் செய்யும் என்பதையும் தீர்மானிப்பது அந்தத் துளையின் உண்மையான விட்டமே. ஆக, புகழ்பெற்ற எஃப் 64 நம் கையில் எஃப் 9. செல்பேசியின் சென்சார் இன்னும் சிறிது. அதன் லென்ஸ் எஃப் 1.8 என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலான நிலக்காட்சி முழுவதும் கூர்மையாகத்தான் விழுகிறது. மலையில் எந்த எண்ணில் வைப்பது என்று தவிப்பவருக்கு எஃப் 8க்கும் எஃப் 11க்கும் இடையில் நின்றால் போதும் என்று மூத்தவர்கள் சொல்லும் வழக்கத்துக்கு இதுவே அடிப்படை.

எங்கே ஃபோகஸ் வைப்பது என்பதற்கும் அட்டவணைகள் உண்டு. 24 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 11 என்றால் 1.75 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால், 90 சென்டிமீட்டரிலிருந்து அடிவானம் வரை கூர்மை என்கின்றன அவை. அந்த அட்டவணைக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: படம் 8க்கு 10 அங்குல அளவில் அச்சாகும், கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கப்படும். பிரிண்டை நான்கு மடங்கு பெரிதாக்கி, நெருங்கியும் பார்த்தால் அடிவானத்து மலை மங்கியிருப்பது தெரியும். லென்ஸின் கூர்மை எல்லையைக்கூடச் சுவரில் தொங்கும் காகிதம்தான் முடிவு செய்கிறது.

முக்காலியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கனமாக இருந்தால் வீட்டிலேயே தங்கிவிடும். லேசாக இருந்தால் காற்றில் ஆடும். நடுத்தண்டை உயர்த்தாமல் வைத்து, ஷட்டரைக் கையால் அழுத்தாமல் இரண்டு விநாடி டைமரில் விட்டால் பாதித் தொல்லை தீரும். ஆனாலும் அதன் பெரிய உதவி அசையாமல் பிடிப்பது அன்று என்று நினைக்கிறேன். அது ஆளை ஓரிடத்தில் நிறுத்துகிறது. சட்டத்தின் நான்கு மூலைகளையும் பார்க்க வைக்கிறது.

ஒளியின் வீச்சு இன்னொரு கதை. வெயில் பட்ட பனிக்கும் பாறை இடுக்கின் நிழலுக்கும் இடையே ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபாடு இருக்கலாம். புகைப்படக்காரர்கள் இதை ஸ்டாப் கணக்கில் எண்ணுவார்கள். ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு. நல்ல டிஜிட்டல் சென்சார் 13 ஸ்டாப் வரை பதியும், அதாவது 8000 மடங்குக்கும் மேல். காகிதத்தின் நிலைமை வேறு. மிக வெள்ளையான பளபளப்புக் காகிதம் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 90 சதவீதத்தைத் திருப்பித் தருகிறது. அதன்மேல் அச்சான மிகக் கறுப்பான மையும் அரைச் சதவீதம் தந்துவிடுகிறது. ஆக 200 மடங்குக்கும் குறைவு, ஏழரை ஸ்டாப். பளபளப்பில்லாத மேட் காகிதத்தில் கறுப்பு இன்னும் வெளிறி, ஐந்தரை ஸ்டாப்பில் நிற்கும். மலை 13 ஸ்டாப் கொடுக்கிறது, காகிதம் ஏழரை வாங்குகிறது. எதை விடுவது, எதை நெருக்கி வைப்பது என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவில்தான் படமெடுப்பதன் ஆனந்தம் இருக்கிறது.

இதற்கு ஒரு முறையான வழியை ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி லாஸ் ஏஞ்சலிஸில் கற்பித்தபோது உருவாக்கினார்கள். முழுக் கறுப்பு பூஜ்யம், காகித வெள்ளை பத்து, நடுச்சாம்பல் ஐந்து. ஒவ்வொரு மண்டலமும் ஒரு ஸ்டாப். காட்சியிலுள்ள ஒரு பொருளைக் காட்டி ‘இது பிரிண்டில் எந்த மண்டலத்தில் இருக்க வேண்டும்’ என்று முதலில் கேட்பது, பிறகு எக்ஸ்போஷரை அதற்கேற்பக் கணக்கிடுவது. ஒளியை அளக்கும் மீட்டர் சொல்வது நடுச்சாம்பலை. பனியை அப்படியே விட்டால் பனியும் சாம்பலாகும்.

இந்த முறை ஒருவர் உடம்பில் ஊறினால் என்ன ஆகும் என்பதற்கு 1941 நவம்பர் 1 சாட்சி. நியூமெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரைக் கடந்து கார் போய்க்கொண்டிருந்தது. கிழக்கே வளர்பிறை நிலா எழுந்திருக்க, மேற்கே சாயும் வெயிலின் கடைசிக் கீற்று இடுகாட்டுச் சிலுவைகளின்மேல். ஆடம்ஸ் காரை நிறுத்தி 8க்கு 10 கேமராவை அவசரமாக நிறுத்தினார். மீட்டரைக் காணோம். நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவிருந்தது. நிலா ஏழாம் மண்டலத்தில் வரட்டும் என்று வைத்தார்; அப்படியானால் ஐந்தாம் மண்டலத்தில் நிற்பது இரண்டு ஸ்டாப் குறைவாக, ஏறத்தாழ 60. ஃபிலிமின் வேகம் 64. அதன் வர்க்கமூலம் 8. எஃப் 8இல் எக்ஸ்போஷர் 60இல் ஒரு விநாடி என்பது அவர் கைக்கொண்ட எளிய சூத்திரம். மஞ்சள் ஃபில்டருக்கு மூன்று மடங்கு; 20இல் ஒரு விநாடி. எஃப் 32க்குத் துளையைச் சுருக்கினால் 16 மடங்கு; ஏறக்குறைய ஒரு விநாடி. எடுத்தார். அடுத்த ஃபிலிமுக்காக ஹோல்டரைத் திருப்புவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது.

தேதியை அவர் குறித்து வைக்கவில்லை. தன் படங்களின் ஆண்டுகளில் அடிக்கடி தடுமாறியவர். நிலாவின் இடத்தை வைத்து வானியலாளர்கள் பிற்காலத்தில் நாளைக் கணக்கிட்டார்கள். 1991இல் டென்னிஸ் டி சிக்கோ மாலை 4 மணி 49 நிமிடம் 20 விநாடி என்று வரையறுத்தார். நிலா வெயிலில் நிற்கும் பாறை. அதன் பிரகாசமும் இடமும் நம்பத்தக்கவை. ஒரு பொருளின் பிரகாசத்தை மனப்பாடமாக வைத்திருந்ததால் ஒரு படம் பிழைத்தது.

டிஜிட்டலில் ஒரே ஒரு மாற்றத்தை நினைவில் வைக்க வேண்டும். நெகட்டிவில் நிழல் பதியாமல் போனால் திரும்பக் கிடைக்காது. வெளிச்சம் மிகுந்த இடத்தைக் கழுவும்போது கொஞ்சம் அடக்கலாம். சென்சாரில் நேரெதிர். ஒவ்வொரு பிக்சலும் ஃபோட்டான்களை எண்ணும் சிறு தொட்டி. நிரம்பி வழிந்தால் அந்த மேகம் போனது போனதுதான். நிழலை அப்புறம் தூக்கலாம், ஆனால் விலை உண்டு. ஃபோட்டான்கள் தற்செயலாக வருவதால், சராசரி எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும். 10,000 ஃபோட்டான் விழுந்த பிக்சலில் தடுமாற்றம் 100, அதாவது ஒரு சதவீதம். 100 மட்டும் விழுந்த நிழலில் தடுமாற்றம் 10, பத்து சதவீதம். நிழலில் மணல் தூவினாற்போல் வரும் இரைச்சல் பெரும்பாலும் கேமராவின் குறை அல்ல. ஒளியே அப்படித்தான் வருகிறது. மேகம் வழியாத எல்லை வரை தாராளமாக ஒளி விடுவதே நிழலுக்குச் செய்யும் நன்மை.

இப்போது அச்சு. 1977இல் ஜப்பானில் கேனன் ஆய்வகத்தில் இச்சிரோ எண்டோ, சூடான சால்டரிங் இரும்பு தற்செயலாக மை நிரம்பிய ஊசியைத் தொட்டபோது முனையிலிருந்து மை பீறிட்டதைக் கவனித்தார். வெப்பத்தால் குமிழி எழுப்பி மையைத் தெறிக்கவைக்கும் பிரிண்டர் அந்தக் கவனிப்பிலிருந்து வளர்ந்தது. எப்சன் வேறு வழியில், மின்னழுத்தத்தால் நெளியும் படிகத்தைக் கொண்டு துளியைத் தள்ளுகிறது. ஒரு துளி 3 பிகோலிட்டர் என்று வைத்தால் அதன் விட்டம் 18 மைக்ரான். தலைமுடியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. சாம்பல் நிறங்களைத் துளியின் நெருக்கத்தாலேயே காட்டவேண்டியிருப்பதால், நல்ல பிரிண்டர்களில் கறுப்போடு இரண்டு மூன்று சாம்பல் மைகளையும் வைக்கிறார்கள். பனியும் மூடுபனியும் புள்ளி தெரியாமல் மெல்ல வெளுத்துப் போவது அதனால்தான்.

மையில் சாயம், நிறமி என்று இரண்டு வகை. சாயம் மூலக்கூறு மூலக்கூறாகக் கரைந்திருக்கும். ஒளியும் ஓசோனும் ஒவ்வொன்றையும் தனித்தனியே தாக்கலாம். நிறமி ஒரு மணி. மேற்பரப்பு சிதைந்தாலும் உள்ளே இருப்பது நீடிக்கும். பாடகர் கிரஹாம் நாஷ் 1991இல் கலிஃபோர்னியாவில் ஐரிஸ் பிரிண்டரைக் கொண்டு கலைப் பிரிண்டுகளுக்கென்றே ஓர் அச்சகம் தொடங்கினார். அந்த முதல் தலைமுறைச் சாய மைகள் வெளிச்சத்தில் விரைவாக வெளுத்தன. அவர் பயன்படுத்திய இயந்திரம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இப்போது வீட்டு மேசையில் வைக்கும் நிறமி மைப் பிரிண்டர்கள்கூட, நல்ல காகிதத்தில், கண்ணாடிக்குப் பின்னால், ஒரு தலைமுறைக்குமேல் தாங்கும் பிரிண்டுகளைத் தருகின்றன.

காகிதத்தைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடும் நேரம் வீணல்ல. மரக்கூழிலுள்ள லிக்னினும் அமிலமும் காகிதத்தை மஞ்சளாக்கும்; பருத்தி இழைக் காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. பேரியம் சல்பேட் பூசிய பரைட்டா காகிதங்கள் பழைய இருட்டறைப் பிரிண்டின் ஆழ்ந்த கறுப்பைத் தருகின்றன. சில காகிதங்கள் கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம், புறஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பித் தரும் வெளுப்பூட்டிகள். காலப்போக்கில் அவை ஓய்ந்துபோக, காகிதம் தன் உண்மை நிறத்துக்குத் திரும்பும். மூடுபனி படர்ந்த பள்ளத்தாக்குக்கு மேட் பருத்தியும், வெயில் அறைந்த பாறைக்கு பரைட்டாவும் பொருந்தும் என்பது என் ரசனை, மற்றவர்கள் மாறுபடலாம்.

முதல் பிரிண்ட் இருட்டாக வருவது எல்லோருக்கும் நேர்வது. திரை தானே ஒளிவிடுகிறது. காகிதம் அறையின் ஒளியைக் கடன் வாங்குகிறது. திரையின் பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா அளவுக்குக் குறைத்து வேலை செய்தால் பெரும்பாலும் சரியாகும். காய்வதற்கும் பொறுமை வேண்டும். ஈரத்தில் பார்த்த பிரிண்ட் காய்ந்ததும் கொஞ்சம் இருளும்; ஆடம்ஸ் தன் சோதனைத் துண்டுகளை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துக் காயவைத்துப் பார்த்துவிட்டுத்தான் எக்ஸ்போஷரை முடிவு செய்தார்.

அவர் இளமையில் பியானோ கலைஞராகப் பயின்றவர். நெகட்டிவை இசைக் குறிப்புக்கும் பிரிண்டை அதன் நிகழ்த்தலுக்கும் ஒப்பிடுவது அவர் வழக்கம். ஹெர்னாண்டஸ் நிலாவை அவர் ஏறத்தாழ 40 ஆண்டுகளில் 1,300க்கும் மேற்பட்ட தடவை அச்சிட்டார். தொடக்ககாலப் பிரிண்டுகளில் வானம் நடுச்சாம்பல். மேலே மெல்லிய மேகக் கீற்றுகள் தெரிகின்றன. 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயனத்தில் வலுவூட்டி முன்புறத்தைத் தெளிவாக்கினார். அதன்பின் பத்தாண்டுக்குப் பத்தாண்டு, இருட்டறையில் அட்டையை அசைத்து வானத்துக்குக் கூடுதல் ஒளி கொடுத்து, மேகக் கீற்றுகள் மறைந்து வானம் கருங்கறுப்பாகும் வரை கொண்டுபோனார். எனக்குப் பழைய சாம்பல் வானம்தான் பிடிக்கிறது. ஊரின் மாலை நேரம் அதில் இருக்கிறது. ஆனால் 40 வயதுக்காரருக்குக் கேட்ட இசை 70 வயதில் வேறாகக் கேட்டிருக்கிறது. இரண்டையும் வாசித்துக் காட்ட அவருக்கு உரிமை உண்டு. 1981இல் வெளிவந்த தன் நூலில், வரவிருக்கும் மின்னணுப் படங்களை ஆவலோடு எதிர்பார்ப்பதாகவும் அவர் எழுதினார்.

நம்மிடம் அந்த மின்னணுப் படம் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் பல வருடமாகக் கிடக்கும் ரா கோப்புகளில் ஒன்றை எடுத்து, 8க்கு 10 அங்குலத்தில், நல்ல காகிதத்தில் ஒரு பிரிண்ட் போட்டுப் பாருங்கள். அதை மாட்டப்போகும் சுவரிலேயே, அந்த அறையின் விளக்கிலேயே குத்தி வைத்து ஒரு வாரம் போகவர நோக்குங்கள். காலையில் சரியாக இருந்த நிழல் இரவில் அடைத்துக்கொண்டிருக்கும். வலது மூலையில் ஒரு வெளிச்சத் திட்டு கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும். எங்கே இருட்டாக்க வேண்டும், எங்கே தூக்க வேண்டும் என்று பென்சிலால் பிரிண்டின்மேலேயே வட்டம் போடுங்கள். காகிதத்தின் பெயரையும் பிரிண்டர் அமைப்பையும் பின்புறம் எழுதி வையுங்கள். அடுத்த பிரிண்ட் போடும்போது அது வேண்டியிருக்கும்.